நிழலும் நடைதூரமும்: மதுரையின் பசுமைவெளிகளும் நம் உடல்நலமும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசுமைவெளி என்றால் பூங்காதானே?

பூங்கா அதில் ஒரு பங்குதான். மதுரையில் பூங்கா எது என்று கேட்டால், தல்லாகுளத்தில் மாநகராட்சி அலுவலகத்தை ஒட்டியிருக்கும் எக்கோ பார்க்கையும், காந்தி மியூசியத்துக்குப் பக்கத்தில் உள்ள ராஜாஜி சிறுவர் பூங்காவையும் கைகாட்டுவார்கள். உடல்நலக் கணக்கு என்று வந்துவிட்டால் பட்டியல் நீளும். வண்டியூர்க் கண்மாய்க் கரை, மாடக்குளம் கண்மாய்க் கரை, மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றிய பாதை, அமெரிக்கன் கல்லூரி வளாகத்து மரங்கள், ரயில்வே காலனியின் பழைய மரங்கள், பள்ளி மைதானம், கல்லறைத் தோட்டம், தெருமுனையில் ஆட்டோ நிறுத்தத்துக்குக் குடை பிடிக்கும் ஒற்றை வேம்பு என எல்லாமே இதில் அடங்கும்.

இவற்றில் எது உங்கள் வீட்டிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறதோ, அதுதான் உங்களுக்குப் பசுமைவெளி. பஸ் ஏறிப் போக வேண்டிய பூங்கா, வருடத்துக்கு நாலு முறை பார்க்கிற சொந்தக்காரர் மாதிரி. நல்லவர்தான், ஆனால் அன்றாடத்துக்கு உதவமாட்டார்.

மரம் பக்கத்தில் இருந்தால் உடம்புக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் உண்டா? வெறும் நம்பிக்கையா?

ஆதாரம் உண்டு. 2019இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, 7 நாடுகளில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த 9 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. செயற்கைக்கோள் படத்தில் வீட்டைச் சுற்றியுள்ள பசுமையை அளக்கும் குறியீடு ஒன்று உண்டு. அது 0.1 கூடும்போது அகால மரணம் 4 சதவீதம் குறைவாக இருந்தது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். வசதியுள்ளவர்கள்தானே மரம் நிறைந்த இடத்தில் வீடு வாங்குகிறார்கள்? அவர்களுக்கு நல்ல சாப்பாடும் நல்ல மருத்துவமும் கிடைக்கின்றன. கே.கே.நகர்க்காரரின் ஆயுளைச் செல்லூர்க்காரரின் ஆயுளோடு ஒப்பிட்டுவிட்டு மரத்துக்கு மாலை போட்டால் எப்படி? ஆராய்ச்சியாளர்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. வருமானம், படிப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கழித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அப்படியும் முழுதாகக் கழித்துவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அதனால் எனக்கு அதிக நம்பிக்கை தருபவை வேறு இரண்டு ஆய்வுகள். முதலாவது, ஒரு வண்டின் கதை. ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு பச்சை வண்டு, அங்கே 10 கோடி ஆஷ் மரங்களைச் சாகடித்தது. வண்டு பணக்காரர் தெரு, ஏழை தெரு என்று பார்க்காது. வண்டு பரவிய 15 மாநிலங்களின் 1990 முதல் 2007 வரையிலான இறப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். மரங்கள் பட்டுப்போன மாவட்டங்களில் இதய நோயாலும் மூச்சுக்குழல் நோயாலும் ஏறக்குறைய 21,000 பேர் கூடுதலாக இறந்திருந்தனர்.

இரண்டாவது, பிலடெல்பியா நகரில் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல நடத்தப்பட்ட சோதனை. குப்பை கொட்டிக் கிடந்த 541 காலி மனைகளில், குலுக்கலில் வந்த சிலவற்றைச் சுத்தம் செய்து புல்லும் மரமும் வைத்தார்கள். வேறு சிலவற்றில் குப்பையை அள்ளிப் புல்லை மட்டும் வெட்டினார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். 2018இல் வந்த முடிவின்படி, பசுமையாக்கிய மனைகளை ஒட்டி வசித்தவர்களிடம் மனச்சோர்வாக இருப்பதாகச் சொல்வது 41.5 சதவீதம் குறைந்திருந்தது. நம் ஊரில் ஒவ்வொரு வார்டிலும் இப்படிக் காலி மனைகள் கிடக்கின்றன. உடைந்த கமோடும், பாலித்தீன் பையும், சீமைக் கருவேலமும் மண்டிய மனைகள். வழியாகப் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அது மனதையும் தொடும் என்பதற்கு இதுவே சான்று.

மரம் அப்படி என்னதான் செய்கிறது?

மதுரையைப் பொறுத்தவரை முதல் வேலை நிழல். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். மர நிழலில் காற்றின் வெப்பம் ஓரிரு டிகிரிதான் குறையும். ஆனால் தரையின் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் குறையும். சித்திரை, வைகாசியில் மதியம் தார்ச்சாலையில் நிற்கும்போது நம்மை வாட்டுவது மேலிருந்து அடிக்கும் வெயில் மட்டுமல்ல. சாலையும் சுவரும் தகரக் கூரையும் சேர்ந்து திருப்பி அடிக்கும் அனலும்தான். மரம் இரண்டையும் தடுக்கிறது. இலைகள் வழியாக நீராவியை வெளியிட்டுச் சுற்றுப்புறத்தையும் தணிக்கிறது.

அடுத்தது, நடக்க வைக்கிறது. நிழல் இருந்தால் கடைக்கு நடந்து போகிறவர், நிழல் இல்லையென்றால் வண்டியை எடுக்கிறார். பிறகு தூசியும் இரைச்சலும் கொஞ்சம் குறைகின்றன. நாலு பேர் நின்று பேச ஓர் இடம் கிடைக்கிறது.

கர்ப்பிணிகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

பலரும் நினைப்பதைவிட அதிகம். பசுமையான பகுதிகளில் வசிக்கும் தாய்மார்களின் குழந்தைகள் சற்றுக் கூடுதல் எடையோடு பிறப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வித்தியாசம் சிறியதுதான்.

அதைவிட நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு 2024இல் வெளிவந்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறக்கும் அபாயமும் இரண்டு மடங்காக இருந்தன. செங்கல் சூளையிலும், கட்டட வேலையிலும், வயலிலும் நிற்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் போய் "மாலையில் பூங்காவில் நடங்கள் அம்மா" என்பது கேலி. வேலை செய்யும் இடத்தில் ஒரு மரமும், அதன் அடியில் உட்கார இடைவேளையும், குடிக்கத் தண்ணீரும், போய்வரக் கழிப்பறையும் வேண்டும். பேறுகாலப் பராமரிப்பு என்ற சொல்லுக்குள் இந்த நிழலையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

குழந்தை மண்ணில் விளையாடினால் கிருமி தொற்றாதா?

கையைக் கழுவிவிட்டால் போதும். பின்லாந்தில் மழலையர் காப்பகங்களின் சரளைக்கல் முற்றங்களில் காட்டு மண்ணும் புல்லும் செடியும் கொண்டுவந்து போட்டு 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை விளையாடவிட்டார்கள். 28 நாட்களில் குழந்தைகளின் தோலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களின் வகை கூடியது. இரத்தத்தில் நோய் எதிர்ப்புச் சக்தியைச் சமன்படுத்தும் அறிகுறிகளும் தெரிந்தன. இது 2020இல் வந்த சிறிய ஆய்வு. ஆனாலும் முற்றம் முழுவதும் டைல்ஸ் பதித்துவிட்டு "எங்கள் பள்ளி சுத்தமானது" என்று விளம்பரம் செய்பவர்கள் ஒருமுறை படிக்கலாம்.

நாய், பூனை அசுத்தம் செய்த மணலில் மட்டும் விடாதீர்கள். கொக்கிப்புழு இன்னும் ஒழிந்துவிடவில்லை. காலில் செருப்பு இருக்கட்டும்.

கண்ணாடி போடும் பிள்ளைகள் கூடிவிட்டார்களே, அதற்கும் பசுமைக்கும் தொடர்பு உண்டா?

பசுமையைவிட வெளிச்சத்துக்கும் அதற்கும்தான் தொடர்பு. கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட, வெளியில் இருக்கும் நேரம் உதவுகிறது என்பது இன்று நன்றாக நிலைநாட்டப்பட்ட செய்தி. சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளி வகுப்பு வைத்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்கு வந்தது.

அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கையோடு தொடங்கப்பட்ட ஊர் இது. கண்ணைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் விளையாட்டுப் பாடவேளையில் கணக்கு வாத்தியார் உள்ளே நுழையும் வழக்கம் நம் பள்ளிகளில் போகவில்லை. அந்தப் பாடவேளையைத் திருப்பிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. வெட்டவெளி வெயிலில் நிறுத்த வேண்டாம். மர நிழலிலும் வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது.

படிப்புக்கும் நட்டமில்லை. பார்சிலோனாவில் 7 முதல் 10 வயது வரையுள்ள 2,593 மாணவர்களை ஒரு வருடம் கவனித்ததில், பள்ளியைச் சுற்றிப் பசுமை கூடுதலாக இருந்தவர்களின் நினைவாற்றலும் கவனமும் வேகமாக வளர்ந்திருந்தன.

என் மகளுக்குப் பதினான்கு வயது. அவள் வெளியே விளையாடுவதே நின்றுவிட்டது. என்ன செய்வது?

உங்கள் மகளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. ஏதாவது ஒரு மைதானத்துக்கு மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். பத்து வயதுக்குக் கீழே ஆணும் பெண்ணும் கலந்து ஓடுவார்கள். அதற்கு மேல் மைதானம் முழுக்கப் பையன்களுடையது. பெண்பிள்ளைகள் வீட்டுக்கும் டியூஷனுக்கும் நடுவே சைக்கிளில் போகிற பத்து நிமிடம்தான் அவர்களின் வெளியுலகம்.

சிறுவயதில் பசுமை ஏன் முக்கியம் என்பதற்கு டென்மார்க் கணக்கு ஒன்று உண்டு. அங்கே பிறந்த 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்ததில், மிகக் குறைந்த பசுமைக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மனநலக் கோளாறுகள் வரும் வாய்ப்பு, கோளாறின் வகையைப் பொறுத்து, 55 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. பசுமை மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் குழந்தைப் பருவம் முழுவதும் பசுமைக்கு நடுவே கழிந்திருந்தால் பலன் கூடுதல் என்றது. அந்த ஆய்வு பார்த்தது பத்து வயது வரைதான். ஆனாலும் பத்து வயதோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் கட்சி.

"தனியாகப் போகாதே" என்று சொல்லும் வீடுகளைக் குறை சொல்லிப் பயனில்லை. விளக்கு எரியாத பூங்காவுக்கு யார் மகளை அனுப்புவார்? கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். நடைபாதையிலிருந்து உள்ளே பார்க்கும்படி வேலி தாழ்வாக இருக்க வேண்டும். பெண்கள் கைப்பந்துக்கோ இறகுப்பந்துக்கோ என்று ஒதுக்கிய நேரம் பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு தெருவிலிருந்து நாலு பிள்ளைகள் சேர்ந்து போகத் தொடங்கினால் அடுத்த மாதம் எட்டுப் பேர் வருவார்கள்.

எனக்கு நாற்பத்தைந்து, சர்க்கரை தொடக்கநிலை. எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்?

நீங்கள் தனியாள் இல்லை. 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு. ஐந்து நாள், அரை மணி நேரம் வீதம்.

மாரியம்மன் தெப்பக்குளம் இதற்கு நல்ல அளவுகோல். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய இந்தக் குளம் ஏறக்குறைய 1,000 அடிக்கு 950 அடி. ஒரு சுற்று சுமார் 1.2 கிலோமீட்டர். கொஞ்சம் வேகமாக இரண்டு சுற்று வந்தால் அன்றைய பங்கு முடிந்தது. வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாகக் குளத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டால் மாலைக் காற்றும் இலவசம். ஆனால் சுற்று முடிந்ததும் வண்டிக்கடைப் பக்கம் திரும்பி, சட்னியில் முக்கி நாலு பஜ்ஜி சாப்பிட்டால், நடந்த கணக்கு அங்கேயே நேராகிவிடும். மாலை நேரத்தில் தெப்பக்குளத்தைச் சுற்றி இருக்கும் கூட்டத்தில் நடப்பவர் எத்தனை, சாப்பிடுபவர் எத்தனை என்று நான் எண்ணிப் பார்க்கத் துணியவில்லை.

மனசுக்கு எவ்வளவு நேரம் என்றால், இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் எடுத்த கணக்கில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கை நடுவே கழித்தவர்கள் நலமாக உணர்வதாகச் சொன்னார்கள். ஒரே மூச்சில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசமில்லை.

மதுரை வெயிலில் எந்த நேரம் போவது?

பங்குனி முதல் ஆடி வரை காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மாலை ஐந்தரைக்கு மேல் தொடங்குங்கள். தலைசுற்றல், வாந்தி, வியர்வை நின்று உடம்பு கொதிப்பது, பேச்சுக் குழறுவது ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கோடையில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பல பூங்காக்களைப் பகலில் பூட்டிவிடுகிறார்கள். நிழல் மிகவும் தேவைப்படும் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை கதவில் பூட்டுத் தொங்குகிறது. தள்ளுவண்டிக்காரரும், உணவு கொண்டுவரும் பையனும், கட்டட வேலைக்காரரும் அந்த நேரத்தில் எங்கே ஒதுங்குவார்கள்? மாநகராட்சியிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கலாம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்: மதியம் கதவைத் திறந்து வையுங்கள்.

என் அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. வெளியே விட்டால் விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் காலில் வலு குறைந்து, குளியலறையில் விழுவார். டோக்கியோவில் 3,144 முதியவர்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கத் தோதான பசுமையும் மரங்கள் நின்ற தெருக்களும் இருந்தவர்களில் உயிரோடிருந்தவர்கள் அதிகம். வயது, வருமானம், ஏற்கெனவே இருந்த உடல்நிலை ஆகியவற்றைக் கழித்த பிறகும் அது மாறவில்லை.

நடக்கும் வழியை முதலில் நீங்கள் ஒருமுறை அவர் கண்ணோடு பாருங்கள். பெயர்ந்த நடைபாதைக் கல், மூடியில்லாத சாக்கடை, பைக் நிறுத்தி மறித்த இடம், தெருநாய்கள் படுத்திருக்கும் மூலை. இருநூறு அடிக்கு ஒருமுறை உட்காரத் திண்ணையோ பெஞ்சோ இருக்கிறதா? பெஞ்சுக்குச் சாய்மானமும் கைப்பிடியும் இல்லாவிட்டால் முழங்கால் வலிக்காரர் உட்கார்ந்தால் எழ முடியாது. சிமெண்டில் வார்த்து, கொடுத்தவர் பெயரை மட்டும் பெரிதாக எழுதிய பெஞ்சுகளில் கைப்பிடியைக் காணோம்.

பேச்சுத்துணை என்ற மருந்தையும் மறக்க வேண்டாம். காலை நடை முடிந்து, தினத்தந்தியைப் பங்கு போட்டுப் படித்து, வைகை அணையில் எத்தனை அடி என்று விவாதிக்கும் பெரியவர்கள் குழுவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்பாவை அங்கே கொண்டுபோய் விடுங்கள். பத்து மணிக்குப் போய் அழைத்தாலும் வரமாட்டார்.

நோயாளிக்கு மரத்தைப் பார்த்தாலே பலன் உண்டாமே?

1984இல் 'சயன்ஸ்' இதழில் ரோஜர் உல்ரிச் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். செங்கல் சுவர் தெரிந்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. வலி மாத்திரையும் முன்னவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வு, எல்லாம் அதன்மேல் கட்டக் கூடாது. ஆனால் பெரிய அரசு மருத்துவமனை எதிலும் மரத்தடியில் பாயும் தூக்குவாளியுமாக நாள்கணக்கில் கிடக்கும் உறவினர்களைப் பார்த்தவர்களுக்கு, கட்டடம் கட்ட முதலில் வெட்டப்படுவது அந்த மரமாகத்தான் இருக்கும் என்பது புரியும்.

புல்தரையா, மரமா?

மரம். சந்தேகமே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 46,786 பேரிடம் நடந்த ஆய்வில், சுற்றுவட்டாரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் மரக் கவிகை, அதாவது மேலே குடைபோல விரிந்த கிளையும் இலையும், இருந்தவர்களுக்கு மன உளைச்சல் வரும் வாய்ப்பு 31 சதவீதம் குறைவாக இருந்தது. வெறும் புல்தரைக்கு அந்தப் பலன் இல்லை. நம் ஊரில் புல்தரைக்கு லாரித் தண்ணீர் வேண்டும், அதன்மேல் "நடக்காதே" என்ற பலகையும் வேண்டும். வேம்பு, புங்கம், பூவரசு, நாவல், இலுப்பை, மருதம் எல்லாம் இந்த மண்ணுக்குப் பழகியவை. மின்கம்பி ஓடும் பக்கம் புங்கம் போலக் கவாத்துக்கு ஒத்துவரும் மரமும், இடம் தாராளமாக உள்ள பக்கம் ஆலும் அரசும் வைக்கலாம்.

ஆளுக்கு 9 சதுர மீட்டர் பசுமை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறதாமே?

எல்லோரும் மேற்கோள் காட்டும் எண் இது. ஆனால் அந்த நிறுவனம் வெளியிட்ட மூல ஆவணம் ஒன்றையும் இதற்குக் காட்ட முடிவதில்லை. அதன் ஐரோப்பியப் பிரிவு சொன்னது வேறு: வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமைவெளி. இந்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகர்த் திட்ட வழிகாட்டி, ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி என்கிறது. சராசரியை நம்பாதீர்கள். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கண்மாயைச் சேர்த்துக்கொண்டால் மொத்த நகரத்துக்கும் எண் அழகாக வந்துவிடும். மாசி வீதிக்குள் குடியிருப்பவருக்கு அதில் ஒரு இலையும் கிடைக்காது. 300 மீட்டர் கணக்குதான் ஏமாற்றாது.

கொசு, பாம்பு, அலர்ஜி?

டெங்கு கொசு பெரும்பாலும் நம் வீட்டுத் தொட்டியிலும், மொட்டைமாடி டயரிலும், குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டிலும்தான் வளர்கிறது. பூங்காவில் தேங்கும் தண்ணீரையும் வடிக்கத்தான் வேண்டும். பார்த்தீனியம் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தரும். கையுறை போட்டுப் பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்குங்கள். சீமைக் கருவேல மகரந்தமும் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. கண்மாய்க் கரையில் இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் நடக்க வேண்டாம். பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

விடுமுறை நாளில் கொஞ்சம் தள்ளிப் போவதென்றால்?

கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் ஆலமரமும் தாமரைக் குளமும் இருக்கின்றன. வயதானவர்களையும் அழைத்துப் போகலாம். அழகர்கோவில் மலைப்பாதையில் பழமுதிர்சோலை வரை நடக்கலாம், குரங்குக்கு மட்டும் தின்பண்டம் கொடுக்காதீர்கள். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகுடு வல்லூறும் ஷாகின் வல்லூறும் பறக்கும் பாறைக் குன்றுகள். அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்ட ஏலத்தை ஊர் மக்கள் எதிர்த்து நின்றதும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்ததும் நினைவிருக்கும். போகிறவர்கள் பாட்டிலையும் பையையும் திருப்பி எடுத்து வாருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு மரமும் இல்லை. எங்கே தொடங்குவது?

மாநகராட்சிக்கு 100 வார்டுகள். உங்கள் வார்டின் ஏரியா சபைக் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். எந்த இடம், எத்தனை மரம், யார் தண்ணீர் ஊற்றுவார் என்று மூன்றும் மனுவில் இருக்கட்டும். அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை யாராவது வெட்ட வந்தால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி எங்கே என்று கேளுங்கள்.

நடும்போது குழி மூன்றடிக்கு மூன்றடி. வைகாசியில் நட்டுவிட்டுத் தண்ணீருக்கு அலைய வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். ஆடு மேயாதபடி கூண்டு போடுங்கள். இரண்டு கோடை தாண்டும்வரை வாரத்துக்கு இரண்டு முறை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். தெருவில் எந்த வீட்டு அம்மா வாசல் தெளிக்க முதலில் எழுகிறாரோ, அவர் வாசலுக்கு எதிரே வைத்தால் கன்று பிழைத்துக்கொள்ளும். சாலை போட வருகிறவர்கள் தூரைச் சுற்றிச் சிமெண்டு பூசி மூடுவார்கள். அன்றைக்கு ஒருவர் லீவு போட்டாவது பக்கத்தில் நின்று, மூன்றடிச் சதுரம் மண்ணாகவே விடச் சொல்லுங்கள்.